அடைப்புக்குறிக்குள் சிரிப்பு

5 செப்டம்பர் 2008, வெள்ளி

இன்று மாமனாரிடம் கையும் களவுமாகப் பிடிபட்டேன். திருடவில்லை. அவரைப் போல நடித்துக்கொண்டிருந்தேன்.

ஊரே நோன்பு திறந்த பிறகு தமிழ்ச் சங்கத்து நண்பர்கள் நாலு பேர் துபாய் கராமாவில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மாமா உள்ளறையில் தூங்குகிறார் என்ற தைரியத்தில் அவருடைய குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, வலது கையை உயர்த்தி, அவர் பேச ஆரம்பிக்குமுன் போடுகிற அந்த இரட்டைக் கனைப்பைப் போட்டேன். "ஹ்ஹ்ம், ஹ்ஹ்ம். விலை என்பது, ஐயா, ஒரு செய்தி." சோபா குலுங்கச் சிரித்தார்கள். பிறகு சட்டென்று நிறுத்தினார்கள். திரும்பிப் பார்த்தால், காலித் தண்ணீர் பாட்டிலோடு மாமா நிற்கிறார்.

எண்பத்தொரு வயது, சென்னையிலிருந்து எங்களோடு சில மாதம் இருக்க வந்தவர். ஏசிக் குளிருக்குத் தோளைச் சுற்றிப் போர்வை. குல்லா என் தலையில் இருந்ததால் அவர் தலை வெறுமையாக இருந்தது. அதுதான் என்னை ரொம்ப உறுத்தியது.

"கை இன்னும் கொஞ்சம் மேல போகணும் மாப்பிள்ளை," என்றார். தண்ணீர் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

என் மனைவி தாமரை என்னோடு பேசவில்லை. எனக்கு நாற்பத்தெட்டு வயது, கட்டுமானக் கம்பெனியில் எஸ்டிமேட்டர், சங்கத்துப் பத்திரிகையின் நகைச்சுவைப் பக்கத்துக்கு ஏகபோக உரிமையாளர், மேடை கிடைத்தால் தொகுப்பாளர் — இத்தனை பெருமைகளும் இப்போது மாமனார் குல்லாவோடு சோபாவில் படுத்திருக்கின்றன. திருப்பிக் கொடுக்கக் கூச்சமாக இருக்கிறது.

7 செப்டம்பர், ஞாயிறு

குல்லாவை அவர் தலையணைக்கு அடியில் செருகிவிட்டு ஓடிவந்தேன். காலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

11 செப்டம்பர், வியாழன்

மகள் தன்யாவுக்குப் பள்ளியில், குடும்பத்தில் உள்ள ஒரு முக்கியமானவரைப் பற்றி எழுதச் சொன்னார்களாம். தாத்தாவின் பெயரைக் கூகுளில் போட்டாள். கோயம்புத்தூரில் ஓர் எலும்பு டாக்டர் வந்தார். "தாத்தா, தேர் இஸ் நத்திங் அபௌட் யூ," என்றாள். பதினைந்து வயதின் நேர்மை. மாமா திரையை எட்டிப் பார்த்தார். "எலும்பு டாக்டரா? நல்ல தொழில்மா. எந்த ஆட்சி வந்தாலும் எலும்பு கட்சி மாறாது."

கடைசியில் அவள் தன் நாட்டிய டீச்சரைப் பற்றி எழுதினாள். டீச்சர் குடும்பமே இல்லை.

அந்தக் கோபத்தில் தாமரை சமையலறையில் எனக்கு முழுக்கதையையும் மறுபடி சொன்னாள். இருபது வருடமாகக் கேட்டும் நான் அரைகுறையாகவே வைத்திருந்த கதை. 1956, சென்னையில் ஐந்தாண்டுத் திட்டத்தை வாழ்த்தி ஒரு கூட்டம். எதற்கும் லைசென்ஸ், எதற்கும் பர்மிட், எல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று பெரியவர்கள் வரிசையாகப் பேசினார்கள். இருபத்தொன்பது வயது விரிவுரையாளர் ரகுநாதன் எழுந்து, 'மாட்டுக்குப் பசிக்கிறதா என்று வண்டிக்காரனுக்குத் தெரியும். டெல்லியில் இருக்கும் கமிட்டிக்குத் தெரியாது' என்றார். மறுநாள் பேப்பரில் அந்த வாக்கியம் அப்படியே வந்தது. பின்னால் அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்: (சிரிப்பு).

அவ்வளவுதான் அவருடைய புகழ். அன்றிலிருந்து 'மாட்டுவண்டி ரகுநாதன்'. பல்கலைக்கழக வேலை கைநழுவியது. வெள்ளைக்காரன் ஏஜெண்டு என்றார்கள், முதலாளிகளின் ஆள் என்றார்கள். எந்த முதலாளியும் ஒரு டீ வாங்கிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. திருச்சியில் ஒரு தனியார் கல்லூரியில் முப்பது வருடம் பி.காம். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார்.

"தொண்ணூத்தொண்ணுல அவர் சொன்னதையே கவர்ன்மெண்டு செஞ்சுதுல்ல? அப்பா ஒரு வாரம் போன் பக்கத்துலயே நாற்காலியப் போட்டு உட்கார்ந்திருந்தாருங்க. யாராவது கூப்பிடுவாங்கன்னு," என்றாள் தாமரை.

"கூப்பிட்டாங்களா?"

"ஒரு தடவை மணி அடிச்சுது. சிலிண்டர் புக் பண்ண யாரோ. ராங் நம்பர்."

நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். நல்லதாயிற்று.

16 செப்டம்பர், செவ்வாய்

அமெரிக்காவில் பெரிய வங்கி விழுந்துவிட்டதாம். காலையிலிருந்து எனக்குப் போன், ஏதோ என் மாமனார்தான் தள்ளிவிட்டது போல. "உங்க மாமாவோட மார்க்கெட் கவுந்துடுச்சாமே?" முதலில் கேட்டவன் சங்கச் செயலாளர் ராஜீவ். இன்னும் கட்டாத கட்டடத்தில் மூன்று ஃபிளாட் வாங்கி, இன்னும் இல்லாத பால்கனியிலிருந்து தெரியப்போகும் கடலை எங்களுக்கு வர்ணிப்பவன். போன மாதம் வரை, "இதெல்லாம் அன்னைக்கே சொன்ன மேதை" என்று மாமாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டவனும் அவன்தான்.

மாமாவிடம் சொன்னேன். "நான் ஜெயிச்சப்ப எனக்குத் தகவல் வரல. தோத்தது மட்டும் அன்னைக்கே வந்துடுது," என்றார்.

9 அக்டோபர், வியாழன்

வெயில் குறைந்ததிலிருந்து மாமா காலையில் நடக்கப் போகிறார். பக்கத்துத் தெருவில் கட்டடம் எழும்புகிறது. அங்கே அம்மையப்பன் என்று ஒரு கொத்தனார், பெரம்பலூர்ப் பக்கம், சோனாப்பூர் தொழிலாளர் கேம்பில் இருப்பவர். இருவரும் சிநேகமாகிவிட்டார்கள். இன்று நானும் கூடப் போனேன்.

எதிர்க் கட்டடத்துக் கம்பெனியில் கொத்தனாருக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்களாம். அம்மையப்பனே சொன்னார். மாமாவுக்கு உற்சாகம்.

"அப்ப அங்க போயிட வேண்டியதுதானே தம்பி?"

அம்மையப்பன் என்னைப் பார்த்தார். இவருக்கு நீங்கள் சொல்லவில்லையா என்கிற பார்வை. "அது எப்பிடிங்கய்யா? விசா இந்தக் கம்பெனி பேர்ல இருக்கு. பாஸ்போர்ட்டு ஆபீஸ்ல இருக்கு. விடுங்கன்னு கேட்டா கேன்சல் அடிச்சு ஊருக்கு ஏத்திருவாங்க. ஆறு மாசம் உள்ள வர முடியாது."

"எதிர்ல இருக்கிற கட்டடத்துக்கா?"

"ஆமாங்கய்யா. அந்தா தெரியுதே, அதுக்குத்தான்."

சண்டை போடுகிற குரலில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரல். டீயைக் குடித்துவிட்டு டூட்டிக்குப் போய்விட்டார். வீட்டு லிப்டில் மாமா, "உங்க பாஸ்போர்ட் எங்க மாப்பிள்ளை?" என்றார்.

"ஆபீஸ் லாக்கர்ல மாமா. பத்திரமா இருக்கும்."

தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் பிடிக்கவில்லை எனக்கு.

17 அக்டோபர், வெள்ளி

தீபாவளி விழாவில் மாமா பேசவேண்டும் என்று ராஜீவ் கேட்டு வந்தான். உலகமே கவிழ்ந்து கிடக்கும்போது கையில் ஒரு பொருளாதார நிபுணரை வைத்துக்கொண்டு சும்மா இருப்பானேன் என்று யாரோ சொன்னார்களாம். பத்து நிமிடம். நாட்டியத்துக்குப் பிறகு, பரிசுக் குலுக்கலுக்கு முன்பு. தலைப்பு: சிக்கனமும் சேமிப்பும்.

ஐம்பத்திரண்டு வருடத்தில் அவருக்குக் கிடைக்கும் முதல் மேடை. துவைத்த ஜிப்பாவை இப்போதே எடுத்து மாட்டி வைத்துவிட்டார். விழாவுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

விழாப் புரவலர் எங்கள் முதலாளி கௌஸ் முகைதீன் பாய். கீழக்கரைக்காரர், தங்கமான மனிதர். முன்வரிசையில் அவரோடு கம்பெனியின் அரபிப் பங்குதாரரும் உட்காருவார், அவர்தான் எங்கள் எல்லோருடைய விசாவுக்கும் பொறுப்பான கஃபீல். தொகுப்பாளர், அடியேன்.

25 அக்டோபர், சனி

மாமா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசிப் பழகுகிறார். ஒட்டுக் கேட்டேன் (இந்த வீட்டில் எனக்கு இனிமேல் போக மானம் எதுவும் மிச்சமில்லை). சிக்கனமும் இல்லை, சேமிப்பும் இல்லை. விசா, பாஸ்போர்ட், எதிர்க் கட்டடம்.

உள்ளே போய்க் கெஞ்சினேன். முதல் வரிசையில் முதலாளி இருப்பார் மாமா. ஆபீஸில் ஏற்கெனவே ஆட்குறைப்பு என்று பேச்சு. தன்யாவுக்கு மார்ச்சில் பொதுத்தேர்வு. நீங்கள் பேசிவிட்டு டிசம்பரில் பிளேன் ஏறிவிடுவீர்கள்.

பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "சரக்குக்கு சுதந்திரம் கேட்டேன் மாப்பிள்ளை. அம்பது வருஷமா அதே பேச்சு. ஆளுக்குக் கேட்கணும்னு தோணவே இல்ல. அந்தத் தம்பிகிட்ட பேசுனப்பறம், நான் எழுதுனதுல பாதி இல்லன்னு தெரிஞ்சுது. அந்தப் பாதிய எங்கயாவது ஒரு இடத்துல சொல்லிட்டுப் போயிடறேனே."

நான் எழுந்து வரும்போது கூப்பிட்டார்.

"பத்திரிகையில நீங்கதானே எழுதுவீங்க? ஒரு உதவி. சிரிப்புன்னு மட்டும் போடாதீங்க."

1 நவம்பர், சனி

நேற்று முடிந்தது. எழுதிவிடுகிறேன். எழுதாமல் இருந்தால் எனக்குச் சாதகமாக மாறிவிடும், என்னை எனக்குத் தெரியும்.

பள்ளிக்கூட அரங்கம். நல்ல கூட்டம். மாமா அம்மையப்பனை அழைத்திருந்தார். அவருக்கு ஓவர்டைம். வரவில்லை. மாமா மேடையேறியதும் கடைசி வரிசை வரை கண்ணால் தேடியதை நான் பார்த்தேன். ஒலிபெருக்கி பார்க்கும் பாலகுரு வந்து மைக்கை அவர் உயரத்துக்கு இறக்கிவிட்டுப் போனான். எனக்கு மேடை ஓரத்தில் தனி மைக். ராஜீவ் கீழே நின்று, யல்லா, யல்லா என்று மணிக்கட்டைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தான்.

இரட்டைக் கனைப்பு. வலது கை உயர்ந்தது. நான் நடிப்பதைவிட நிஜமாகவே மேலே.

சேமிப்பு பற்றி நாலு வார்த்தை சொன்னார், எனக்காக என்று நினைக்கிறேன். பிறகு, "அரிசி மூட்டை எந்தத் துறைமுகத்துக்கும் போகலாம். அதைச் சுமக்கிறவன் எதிர்க் கடைக்குப் போக முடியாது. இதுக்குப் பேரு சந்தை இல்லீங்க. நானே இத்தனை நாள் இதைச் சந்தைன்னு சொல்லிக்கிட்டிருந்தேன். இங்கே எத்தனை பேர் பாஸ்போர்ட் அவங்கவங்க கையில இருக்கு? கையைத் தூக்குங்க பார்ப்போம்."

முன்வரிசையில் முதலாளி தலையைத் திருப்பிப் பங்குதாரரின் காதில் ஏதோ சொன்னார்.

அடுத்த நொடி, என் மைக்கில், நான், ஹ்ஹ்ம், ஹ்ஹ்ம். அவர் குரலில். "விலை என்பது, ஐயா, ஒரு செய்தி. அதைவிட நல்ல செய்தி, அடுத்து குலுக்கல்!"

அரங்கம் வெடித்தது. சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. நான் பதினைந்து வருடமாக மேடையில் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு காத்திருந்த சிரிப்பு. முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டார். கைதட்டல் வேறு.

மாமா அந்தச் சிரிப்பைப் பார்த்தபடி நின்றார். கை இன்னும் மேலேயே இருந்தது. பிறகு இறக்கினார். மைக்குக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கிவிட்டார்.

மாமாவைக் காரில் கூட்டிவந்தேன். பாலம் ஏறும்போது, "இங்கயும் சிரிச்சுட்டாங்க," என்றார். என்னிடம் சொல்லவில்லை. கண்ணாடியிடம்.

இன்னொன்று, இதையும் எழுதிவிடுகிறேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் மனசின் ஒரு மூலையில் ஒரு பொறுக்கி உட்கார்ந்துகொண்டு, 'என்ன சிரிப்புடா அது!' என்கிறான். அவனை என்ன செய்ய?

4 நவம்பர், செவ்வாய்

லிப்டில் முதலாளி. தோளில் தட்டினார். "வெள்ளிக்கிழமை சிரிச்சு மாளல போங்க. கண்ணுல தண்ணி வந்துருச்சு." பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வேலை தப்பியது. எதை விற்றுத் தப்பியது என்பதும் தெரியும்.

15 நவம்பர், சனி

பத்திரிகை வந்துவிட்டது. மாமாவின் பேச்சை ஒரு பக்கம் எழுதிக் கொடுத்திருந்தேன், அந்தச் சொல் இல்லாமல். விளம்பரங்களுக்கு இடம் போதவில்லை என்று ராஜீவ் வெட்டிவிட்டான். 'பேராசிரியர் ரகுநாதன் சிக்கனம் குறித்து உரையாற்றினார்.' சிக்கனமாகத்தான் இருக்கிறது.

மாமா படித்தார். "அடைப்புக்குறி இல்ல. நன்றி மாப்பிள்ளை."

2 டிசம்பர், செவ்வாய்

விசிட் விசா முடிந்தது. ஏர்போர்ட்டில் தன்யா மட்டும் அழுதாள், இங்கிலீஷில். குல்லாவை என்னிடம் கொடுத்தார். "மெட்ராஸ்ல எதுக்கு? நீங்க வெச்சுக்குங்க. உங்களுக்கு உபயோகமாகும்." குத்தலா, பாசமா? இன்று முழுக்க யோசித்தும் தெரியவில்லை.

14 ஜனவரி 2009, புதன்

பொங்கல். மாமா ஆஸ்பத்திரியில், நுரையீரலில் நீர். தாமரையின் தம்பி போனை அவர் காதில் வைத்தான்.

"அந்தக் கனைப்பு போடுங்க, கேட்போம்," என்றார்.

மாட்டேன் என்றேன். மறுபடி கேட்டார். ஆபீஸ் படிக்கட்டில் நின்றுகொண்டு போட்டேன். ஹ்ஹ்ம், ஹ்ஹ்ம். மூச்சு வாங்கியது அந்தப் பக்கம்.

"நல்லா வருது. கை தெரியல போன்ல. மேல போச்சா?"

"போச்சு மாமா."

பொய். அந்தக் கையில்தான் போன் இருந்தது.

16 ஜனவரி, வெள்ளி

காலை ஆறு மணிக்குப் போனார்.

தாமரையும் தன்யாவும் மதிய விமானத்தில் போய்விட்டார்கள். அவர்கள் பாஸ்போர்ட் வீட்டில் இருந்தது. என்னுடையது ஆபீஸ் லாக்கரில். வெள்ளிக்கிழமை ஆபீஸ் மூடல். சாவி வைத்திருக்கும் ஆள் அஜ்மானில் இருக்கிறான், போனை எடுக்கவில்லை. அஜ்மானுக்கே போனேன். எந்தக் கட்டடம் என்று தெரியாது. ஒரு மலையாளி கடையில் அவன் மீசையை வர்ணித்து விசாரித்தேன். மூன்று பேரைக் காட்டினார்கள், மூன்றும் வேறு மீசை.

சாயங்காலம் ஆளைப் பிடித்தேன். நல்லவன், உட்காரவைத்தான், தண்ணீர் கொடுத்தான். முதலாளி கையெழுத்தில்லாமல் பாஸ்போர்ட் எடுக்க முடியாதாம். முதலாளி மஸ்கட்டில். ஞாயிறு வருவார்.

பாஸ்போர்ட் பற்றிப் பேசாதீர்கள் மாமா என்று சொன்னவன் நான்தானே? நான்தான்.

17 ஜனவரி, சனி

தகனம் முடிந்துவிட்டதாம். எந்தப் பேப்பரிலாவது வந்ததா என்று கேட்டேன். நாங்கள் பணம் கட்டிக் கொடுத்த விளம்பரம் வந்ததாம். படத்துக்குக் கீழே, ஓய்வுபெற்ற ஆசிரியர்.

15 பிப்ரவரி, ஞாயிறு

நாற்பது பேர் பட்டியலில் நான் பதினொன்றாவது. முதலாளி அழுதேவிட்டார், நான் தேற்ற வேண்டியதாயிற்று. வேலையெல்லாம் நின்றுவிட்டது, கலாஸ், எல்லாம் முடிந்தது, என்ன செய்வேன் என்றார். அந்தத் தீபாவளி மேடையில் மாமாவைப் பேச விட்டிருந்தாலும் இதே பிப்ரவரி, இதே நாற்காலி, இதே பதினொன்று. மிஞ்சிப் போனால் அந்தச் சிரிப்புக்கு நூற்றேழு நாள் கூடுதலாகக் கிடைத்தது என்று கணக்குப் பார்த்தேன். எஸ்டிமேட்டர் புத்தி.

கேன்சல் முத்திரைக்காகப் பாஸ்போர்ட்டை லாக்கரிலிருந்து எடுத்தார்கள். என் படத்தைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று. இளைஞனாக இருந்திருக்கிறேன்.

20 மார்ச், வெள்ளி

தன்யாவுக்குத் தேர்வு முடிந்தது. நாளை விமானம். வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாகப் போகின்றன. ஸ்டீரியோ பெட்டியை வாங்க, ஒலிபெருக்கிப் பாலகுரு வந்தான். குல்லா சோபாக் கையில் கிடந்தது. அதைப் பார்த்ததும், பெரியவர் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தான். சொன்னேன். ஸ்டீரியோவைக் கீழே வைத்துவிட்டான்.

எனக்கு என்ன தோன்றியதோ, அன்றைய மேடையைப் பற்றி அவனிடம் கொட்டிவிட்டேன். அவர் கடைசியாகச் சொல்ல நினைத்ததை நான்தான் சிரிப்பாக்கிக் கெடுத்தேன், அத்தனை சனமும் அவரைப் பார்த்துச் சிரித்தது, அதோடுதான் அவர் போனார் என்று.

பாலகுரு விழித்தான். "நீங்க எங்க சார் கெடுத்தீங்க? உங்க மைக்கே ஆஃப்ல இருந்துச்சே."

மாமா பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே, குலுக்கல் பாட்டுக்கு லைன் வேண்டும் என்று ராஜீவ் ஹால் ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லிவிட்டானாம். இரண்டு மைக்கும் ஒரே லைன்.

"பெரியவர் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு மேடையில இருந்த சின்ன ஸ்பீக்கர மட்டும் விட்டு வெச்சேன் சார். அது உங்க ரெண்டு பேருக்குத்தான் கேட்டிருக்கும்."

"அப்ப சனம் எதுக்குய்யா சிரிச்சுது?"

"உங்களுக்குப் பின்னாடி ரெண்டு பேர் பரிசு வாஷிங் மெஷின மூச்சு முட்டத் தூக்கிட்டு வந்தாங்கல்ல சார், ஒருத்தன் தடுக்கிக் கீழ விட்டுட்டான். பந்து மாதிரி எகிறிக் குதிச்சுது. காலிப் பெட்டி சார் அது."